ஆறாவது குதிரைக்காரர்

சபரிநாதன் பின்கட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது மனைவி வசந்தாமணி கார்ட்லெஸ் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். டெக்சாஸின் ரிச்சர்ட்சன் ஊர்த் தமிழ்ச் சங்கத் தலைவர் சேனாபதி பேசினார்.

"சார், நீங்க சினிமாக்காரர்னு சொல்லவே இல்லையே! நேத்து 'பாறைக்கோட்டை' கேசட் போட்டுப் பாத்தேன். டைட்டில்ல உதவி இயக்கம்னு உங்க பேரு. இனிஷியல் கூட மேட்ச் ஆகுது."

"அது ரொம்ப நாள் முன்னாடிங்க. ஒரு படத்தோட விட்டுட்டேன்."

"ஒண்ணு போதும் சார். சுதந்திரம் வாங்கி அம்பது வருஷம். ஆகஸ்ட் ஃபங்ஷன்ல அதையே ஸ்கிரீன் பண்றோம். முடிஞ்சதும் நீங்க பத்து நிமிஷம் பேசறீங்க."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்டிருப்பார். சபரிநாதன் சரி என்றார்.

படம் 1801இல் ஒரு பாளையக்காரரின் கோட்டையைக் கும்பெனிப் படை பிடித்த கதை. 1982இல் தாராபுரம் பக்கத்து வறண்ட காட்டில் இரண்டு மாதம் எடுத்தார்கள். அப்போது சபரிநாதனுக்கு இருபத்திமூன்று வயது. படப்பிடிப்பு முடிந்த வாரமே சென்னையை விட்டுக் கோயம்புத்தூருக்கு வந்தவர் மறுபடி கோடம்பாக்கம் போகவில்லை. கம்ப்யூட்டர் படித்தார், கல்யாணம் செய்துகொண்டார், 1991இல் டெக்சாஸ் வந்து ஒரு டெலிகாம் கம்பெனியில் சேர்ந்தார். இளவயதில் சினிமாவில் கொஞ்ச நாள் இருந்தார் என்பது மட்டும்தான் வசந்தாமணிக்குத் தெரியும். ஒன்பது வயது மகள் ஓவியாவுக்கு அதுவும் தெரியாது.

விழாவுக்கு ஒரு பள்ளிக்கூட அரங்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இருநூறு பேர் வந்திருந்தார்கள். வாசலில் சமோசா, மாம்பழ ஜூஸ். வீடியோ புரொஜெக்டரில் படம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

கடைசிச் சண்டை வந்தபோது சபரிநாதன் தரையைப் பார்த்துக்கொண்டார். காதை என்ன செய்வது? வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. குதிரைக் குளம்புச் சத்தம். பிறகு அந்தப் பெரிய வெடி. அரங்கம் முழுக்கக் கைதட்டியது. பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். ஓவியாவும் தட்டினாள்.

விளக்கு போட்டதும் சேனாபதி அவரை மேடைக்கு அழைத்து மைக்கைக் கொடுத்தார். வெயில், தாடி உரிந்துபோன நடிகர்கள், சாப்பாட்டு வண்டி வராமல் போன நாள் என்று வேடிக்கையாக நாலு விஷயம் வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தார். வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"கடைசிச் சண்டையில ஒரு வெள்ளைக் குதிரை விழுந்துச்சுல்ல. நீங்க எல்லாரும் கை தட்டுனீங்க. அது மேல இருந்த ஆள் அதுக்கப்புறம் எழுந்திருக்கல."

ஒரு குழந்தை எதற்கோ சிணுங்கியது.

"அவர் பேரு வெள்ளியங்கிரி. தாராபுரத்துல குதிரை வண்டி ஓட்டிட்டு இருந்தவர். தரையில குழி தோண்டி வெடிமருந்து வெச்சிருப்பாங்க. எந்தக் குழிக்கு எந்தப் பக்கம் போகணும்னு குதிரைக்காரங்க ஆறு பேருக்கும் காலையில ஒத்திகை குடுத்தாச்சு. சாயங்காலம் டைரக்டர் ஒரு குழிய நாலு அடி தள்ளி வைக்கச் சொன்னாரு. அத அந்த ஆறு பேர்கிட்டயும் சொல்ல வேண்டியது என் வேலை. அஞ்சு பேர்கிட்ட சொன்னேன். அவர் தண்ணி குடிக்கப் போயிருந்தாரு. வெளிச்சம் போகுதுன்னு எல்லாரும் கத்துனாங்க. அவர் வந்து ஏறினதும் நான் கிளம்பச் சொல்லித் துண்ட வீசிட்டேன்."

மைக்கைக் கீழே இறக்கினார்.

மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். "சார், எந்த ஷாட்? இடது பக்கத்துல இருந்து வருமே, அதா?"

"ஆமா."

"அய்யோ, ரியலா! நான் டம்மின்னு நெனச்சேன்." அவர் பக்கத்து ஆளிடம் திரும்பி ஏதோ சொன்னார். பேச்சு வரிசை வரிசையாகப் பரவியது. 'வெள்ளைக் குதிரை', 'புகைக்குள்ள' என்று காதில் விழுந்தது.

சேனாபதி நல்லவர். நிலைமையைச் சமாளிக்கத்தான் நினைத்தார். "ஃப்ரெண்ட்ஸ், அந்தக் காட்சிய இன்னொரு தடவை பாத்துட்டு, அந்தக் கலைஞருக்காக ஒரு நிமிஷம் எழுந்து நிப்போம்" என்றார். கையில் ரிமோட் இருந்தது.

திரையில் படம் பின்னோக்கி ஓடத் தொடங்கியது. கோடு கோடாக நடுங்கும் படத்தில் புகை சுருங்கிக் குழிக்குள் போயிற்று. கிடந்த வெள்ளைக் குதிரை எழுந்தது. தரையிலிருந்து ஒரு மனிதர் மேலே வந்து அதன் முதுகில் உட்கார்ந்து, பின்புறமாகவே விலகிப் போனார். சபரிநாதன் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். பதினைந்து வருஷத்தில் வெள்ளியங்கிரியை அவர் முழுசாகப் பார்த்தது அப்போதுதான். தலையில் சிவப்பு முண்டாசு, கையில் அட்டைக் கேடயம். இன்னும் கொஞ்சம் தூரம் அப்படியே போகட்டும் என்று மனசு கேட்டது.

படம் நின்றது. சேனாபதி மறுபடி பொத்தானை அழுத்த, குதிரை முன்னால் வர ஆரம்பித்தது.

சபரிநாதன் மேடையிலிருந்து குதித்தார். புரொஜெக்டர் மேஜைக்கு ஓடி, சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார்.

"என்ன சார் இது?" என்றார் சேனாபதி. "மரியாதைக்குத்தானே..."

"வேண்டாங்க" என்றார் சபரிநாதன். வயர் கையிலேயே இருந்தது. "வேண்டாம்."

திரும்பும்போது வசந்தாமணிதான் கார் ஓட்டினாள். ஃப்ரீவேயில் ஏறிய பிறகு பேசினாள்.

"பதினோரு வருஷமா கூட இருக்கேன். இருநூறு பேரோட சேந்து இத நானும் கேக்கணுமா?"

அவர் சீட் பெல்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"தண்ணி குடிக்கத்தானே போனாரு. திரும்பி வந்து ஏறினப்ப கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல. ஞாபகம் இருந்துச்சு. லேட்டாகுதுன்னு டைரக்டர் திட்டுவாரோன்னு..."

பின் சீட்டிலிருந்து ஓவியா கேட்டாள்: "டாட், டிட் யூ கோ டு ஜெயில்?"

"இல்லம்மா."

"ஒய் நாட்?"



இரண்டு நாள் கழித்து வசந்தாமணி, "அவங்க வீட்ல யாரு இருக்காங்கன்னு விசாரிங்க" என்றாள். தாராபுரத்தில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் நஞ்சப்பனுக்குப் போன் செய்தார். வெள்ளியங்கிரியின் மனைவி நாகரத்தினம் அங்கேயே ஒரு நூல் மில்லில் வேலை செய்கிறாள் என்று தெரிய மூன்று வாரம் ஆனது. பக்கத்து வீட்டு நம்பர் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அழைத்தார். அங்கே மாலை.

"ஆருங்க பேசறது?"

சபரிநாதன் சொன்னார். துண்டு வீசியது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். 

"அப்ப அவரு குடிச்சிருக்கலீங்களா?"

"குடிச்சா?"

"குடிச்சுப்போட்டுக் குதிரை ஏறுனாருன்னு சினிமாக் கம்பெனி மேனேஜர் போலீஸ்ல சொன்னாருங்க. ஊர்லயும் அப்பிடித்தான் பேசுனாங்க. என்ற மாமியா சாகற வரைக்கும் பையனத் திட்டிட்டே செத்தாங்க. நானும் திட்டுவனுங்க. ரெண்டு புள்ளைகள வெச்சுட்டு இப்பிடிப் பண்ணிட்டியேன்னு."

"இல்லீங்கம்மா. காலையில இருந்து அவர் என் கண்ணு முன்னாடிதான் இருந்தாரு. ஒரு சொட்டு குடிக்கல."

அவள் அழுதாளா என்று தெரியவில்லை. "அத எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க" என்றாள். "நான் சொன்னா ஆரும் நம்பமாட்டாங்க."

அன்றைக்கே சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்ததை வசந்தாமணி வாங்கிப் படித்தாள். 'குழி இடம் மாற்றப்பட்ட விவரம் திரு. வெள்ளியங்கிரிக்குத் தெரிவிக்கப்படவில்லை' என்ற இடத்தில் விரல் வைத்தாள்.

"யாரு தெரிவிக்கல?"

அவர் புதுத் தாள் எடுத்தார். 'நான் சொல்லவில்லை. ஞாபகம் இருந்தும் சொல்லவில்லை. அவர் குடித்திருக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார்.

பதில் வரவில்லை. அக்டோபர் கடைசியில் நஞ்சப்பனை அழைத்துக் கேட்டார்.

"கடுதாசி வந்துருச்சப்பா. அந்தம்மா அத நெறையாக் காப்பி போட்டு, அவங்க வீதியில வீடு வீடாக் குடுத்துச்சாம். மில்லுலயும் குடுத்துச்சாம்."

"என்கிட்ட ஏதாச்சும் சொல்லச் சொன்னாங்களாண்ணா? நான் ஒரு தடவை பேசலாமா?"

நஞ்சப்பன் தயங்கினார். "நானும் கேட்டம்பா. வேண்டாம்னு சொல்லிருச்சு. இனிமே கூப்பிடாதீங்கன்னு சொல்லச் சொல்லுச்சு."

சபரிநாதன் சரி என்று சொல்லிப் போனை வைத்தார். வசந்தாமணி என்னவென்று கேட்டாள். இந்தத் தடவை உடனே சொன்னார்.