பாலு வாசித்த இடம்

இறந்துபோன அண்ணன் பாலுவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் அன்புச்செல்வி. துணி வழுக்கிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற உமர் ஃபாரூக் குனிந்து, "சாயி வர்றானாம். கிதாரோட" என்றான்.

"வரட்டும்" என்றாள். முடிச்சு இறுகியது.

ராஜா அண்ணாமலைபுரத்துச் சாய்நாத் வீட்டு கார் ஷெட்டில்தான் 'ஒண்டிக்குடித்தனம்' இசைக்குழு பிறந்தது. சாய்நாத் கிதார், உமர் டிரம்ஸ், பாலு, கட்டையை அழுத்தித் தந்தியை மீட்டும் புல்புல்தாரா. சாவு வீட்டுக் கானாவுக்கு வாசித்த புல்புல்தாராவை பாலு ஆம்ப்ளிஃபயரில் சொருகினான். சாய்நாத் ராக்கில் தொடங்குவான், பாலு அதைக் கானாவுக்கு இழுத்துப் போவான், நடுவில் எங்கிருந்தோ ஒரு ராகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கே போய் முடியும் என்று மூன்று பேருக்குமே தெரியாது. அப்படி வாசித்துத்தான் 'தண்ணி லாரி' ஆல்பம் வந்தது. அதன் முதல் பாட்டில், பாதிக்கு மேல் பாலுவின் தந்தி கதறும். ஊரே அதற்காகத்தான் அந்தப் பாட்டைக் கேட்டது. ஆல்பத்தில் போட்டிருந்த பெயர்களில் பாலு இல்லை. கிதாரை எப்படி அப்படி அழவைத்தேன் என்று சாய்நாத் பேட்டி பேட்டியாகச் சொன்னான். வெட்கங்கெட்டவன்.

அன்று சாய்நாத்தை நேரில் கேட்கச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய அன்புச்செல்வியை பாலுதான் மறித்தான்.

"வுடு அன்பு. நம்ம அம்மாகிட்ட எம்பேருதான் மொதல்ல கீதுன்னு சொல்லிட்டேன்."

அம்மா தாயம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சாயங்காலமானால் ஃபோனில் அந்தப் பாட்டைப் போட்டு, கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு முழுக்கக் கேட்கும்படி வைப்பாள். "எம்புள்ள கைடீ இது" என்பாள். பாலு சிரித்துக்கொண்டே தண்ணீர் கேன் தூக்கப் போய்விடுவான். உமரும் குழுவிலிருந்து விலகி வந்துவிட்டான். அன்புச்செல்வி மட்டும் வயிறெரிந்துகொண்டு கிடந்தாள். இன்று காலை மஞ்சள் காமாலை அண்ணனைக் கொண்டுபோய்விட்டது. மறிக்க இனி ஆளில்லை.

சாய்நாத் வெள்ளை ஜிப்பாவில் வந்தான். முதுகில் கிதார். கூட வர்ஷினி என்ற பெண், ஃபோனை உயரப் பிடித்தபடி.

"லைவ் போயிண்டிருக்கா?"

"போறது சாய். நெறைய பேர் பாக்கறா."

மாலையைப் போட்டுவிட்டு, ஃபோனுக்காக ஒரு நொடி கூடுதலாகவே குனிந்து நின்றான். பிறகு ஃபோனைப் பார்த்து, "பாலு எனக்குத் தம்பி மாதிரி" என்றான். தாயம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அந்தக் கையை அங்கேயே முறிக்க வேண்டும்போல் இருந்தது அன்புச்செல்விக்கு. அம்மா பிடித்துக்கொண்டிருந்ததால் பேசாமல் நின்றாள்.

அந்தப் பக்கத்தில், சாவுக்கு வந்த பாட்டுக்காரன் ஒரு ரவுண்டு வாசிக்காமல் போகக்கூடாது. பந்தலில் டோலக்கோடு உட்கார்ந்திருந்த உமர் நகர்ந்து இடம் விட்டான். சாய்நாத் 'தண்ணி லாரி'யைத் தொடங்கினான். நன்றாகத்தான் வாசித்தான், அதை மறுக்க முடியாது. பாட்டு பாதிக்கு வந்தது. கையைக் கம்பிகளின் மேல் வைத்து ஓசையை அடக்கினான்.

"மேல முடியல" என்று கண்ணைத் துடைத்தான்.

உமர் டோலக்கை நிறுத்தவில்லை. அன்புச்செல்வி அவனை நிறுத்தச் சொல்லவும் இல்லை. வெறும் தாளம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

தாயம்மா தலையைத் தூக்கினாள். "இன்னா தம்பி, நிறுத்திட்ட? இங்கதான எம்புள்ள வருவான்?"

தாயம்மா வர்ஷினியின் பக்கம் கை காட்டினாள்.

"அந்தப் பொண்ணு ஃபோன்ல எல்லாரும் பாத்துக்கினு கீறாங்களாமே. சொல்லு தம்பி. அந்த அழுவுற எடம் எம்புள்ள வாசிச்சதுன்னு உன் வாயால சொல்லு. அவன் காதுலயும் வுழட்டும்."

சாய்நாத் வர்ஷினியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். அவள் விரல் திரைக்குப் போவதற்குள் அன்புச்செல்வி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அணைக்காத."

வர்ஷினி திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு ஃபோனை சாய்நாத் முகத்துக்கு நேராகவே வைத்துக்கொண்டாள்.

"ஆமாம்மா" என்றான் சாய்நாத். "பாலுதான்."

"அவன் பேரதான மொதல்ல போட்டிருக்க?"

இதை அன்புச்செல்வி எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று அவன் சொல்லிவிட்டால் அம்மா அங்கேயே உடைந்துபோவாள், அண்ணன் சொன்ன பொய்யும் அண்ணனோடு சேர்ந்து பந்தலில் கிடக்கும்.

சாய்நாத் ஃபோனை ஒருமுறை பார்த்தான். "போட்டிருக்கேம்மா. மொத பேரே பாலுதான்."

"நல்லாரு நைனா" என்று தாயம்மா அவன் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள்.

திரையில் எழுத்துகள் சரசரவென்று மேலேறின. எந்தப் பேர், எங்கே போட்டிருக்கிறது என்று ஒருவர் கேட்டார். இப்போதுதான் போய்ப் பார்த்தேன், அப்படி ஒரு பெயரே இல்லையே என்றார் அடுத்தவர். செத்தவன் வீட்டிலேயே பொய்யா என்று இன்னொருவர். பிறகு படிக்க முடியாத வேகத்தில் வந்தன. வர்ஷினி ஃபோனைக் கீழே இறக்கவில்லை, அவள் கண் கலங்கியிருந்தது. அன்புச்செல்வி அவள் மணிக்கட்டை விட்டாள். வயிற்றில் இருந்த எரிச்சல் அடங்கி, பசிப்பது போலக்கூட இருந்தது.

பாடை தூக்கும் நேரத்தில் சாய்நாத் கிதாரை மாட்டிக்கொண்டு நழுவப் பார்த்தான்.

"சாயி தம்பிய முன்னாடி தோள் குடுக்கச் சொல்லுடி" என்றாள் தாயம்மா.

"வாங்கண்ணா" என்று அன்புச்செல்வி கூட்டத்தை விலக்கி வழி விட்டாள். முன் மூங்கிலை அவளே எடுத்து அவன் தோளில் வைத்தாள். மறு மூங்கிலுக்கு உமர் தோள் கொடுத்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மேளம் முழங்கியது. வர்ஷினி ஃபோனைப் பிடித்தபடி பாடைக்கு முன்னால் பின்னோக்கி நடந்தாள். சாய்நாத் தெருமுனை திரும்பும்வரை தலையை நிமிர்த்தவே இல்லை.

பெண்கள் முனையோடு நின்றுவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்பி, அன்புச்செல்வி அம்மாவைப் பலகையில் உட்காரவைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"எவ்ளோ பெரிய ஆளு, தோள் குடுத்துச்சு பாத்தியா" என்றாள் தாயம்மா. "காரியத்துக்கும் கூப்புடு. வந்து எல்லார் எதிர்லயும் வாசிக்கட்டும்."

"கூப்புடறேம்மா" என்று அன்புச்செல்வி அடுத்த சொம்பை மொண்டாள். "கண்ண மூடிக்கோ."