வாரத்துக்கு ஒரு முட்டை

கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. முட்டைக்குக் கனமே இல்லை. திருப்பிப் பார்த்தாள். அடியில் ஊசித் துளை ஒன்று, உச்சியில் இன்னொன்று. உறிஞ்சிக் குடித்துவிட்டு, ஓட்டைத் துடைத்து, பழையபடி கிண்ணத்திலேயே வைத்திருக்கிறார் கட்டின மகராசன். திருட்டிலும் ஒரு நறுவிசு.

யுத்தம் தொடங்கி மூன்றாவது வருஷம். டாக்டர் சீட்டு இருந்தால்தான் ரேஷனில் வாரத்துக்கு ஒரு முட்டை. நாலு வாரம் காய்ச்சலில் கிடந்த மகள் நேற்றுதான் "பசிக்குதும்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக, இன்று விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நின்று வாங்கி வந்த முட்டை இது.

அருவருப்பு அவளுக்குப் புதிதல்ல. மாவைச் சலித்தால் சல்லடையில் புழு நெளியும். மூன்று முறை காய்ந்த எண்ணெய் தார் மாதிரி இழுக்கும். உருளைக்கிழங்குத் தோலை வேகவைத்த சாற்றில் சாக்கடை வாடை. மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் விழுங்கியிருக்கிறாள். "தோல்லதான் சத்தே இருக்கு" என்று தெருத்தெருவாகச் சிக்கனப் பிரசாரம் செய்கிறவர் அவள் புருஷன். ஊருக்குத்தான் உபதேசம். சீ, பெற்ற பிள்ளையின் வாய்க்குப் போவதை உறிஞ்சிக் குடித்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோமே என்று அவளுக்குக் குமட்டியது.

உள்ளறையிலிருந்து அவர் குரல் கொடுத்தார். "பாத்து வேகவை. கூமுட்டையா இருந்தாலும் இருக்கும். ரேஷன்காரன நம்ப முடியாது."

வேகவைக்க என்ன இருக்கிறது? ஓட்டைச் சின்னக் கிண்ணத்தில் நிறுத்தி, கரண்டியோடு உள்ளே கொண்டுபோனாள். அவர் மேசையில் நாளைய பேச்சை எழுதிக்கொண்டிருந்தார். மீசை நுனியில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. எதிர்க்கட்டிலில் மகள் எழுந்து உட்கார்ந்தாள்.

போட்டு உடைத்துவிடத்தான் வாயெடுத்தாள். மகள் முந்திக்கொண்டாள்.

"அப்பாவுக்குப் பாதி குடும்மா. பாவம், அவரும் தெனம் தோலையேதான சாப்பிடறாரு."

அவள் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"எனக்கெதுக்கு? பாப்பாவுக்கே குடு" என்றார், முட்டையைப் பார்க்காமல்.

"ஆசையா சொல்றா. பாதி சாப்பிட்டுட்டு மீதிய நீங்களே ஊட்டுங்க."

பிள்ளையை நடுவில் இழுக்கிறோமே என்று உறுத்தியது. ஆனாலும் நகராமல் நின்றாள்.

மகளுக்குத் தெரியாதபடி கையால் மறைத்துக்கொண்டு அவர் ஓட்டைத் தட்டினார். வெறும் கரண்டியை வாயில் வைத்து மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

கட்டிலில் மகள் வாயைத் திறந்து காத்திருந்தாள்.