நிபுணர் சொன்னதும் நண்பர் சொன்னதும்

எங்கள் மாவட்டத்தில் மாடு வளர்க்கிற யாருக்கும் ரஸ்ஸல் டீகைத் தெரியாமல் இருக்காது. பசு கன்று போட முடியாமல் தவித்தால் பனி கொட்டினாலும் வந்து நிற்கிற கால்நடை மருத்துவர். அவர்தான் போன இலையுதிர் காலத்தில், ஒரு மாலை, மதுக்கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில், சைக்கிளில் போய்க்கொண்டிருந்த யூசேபியோ மொந்தான்யோவை டிரக்கால் இடித்தார். மாட்டுத் தீவனமான குதிரைமசால் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மனிதர் யூசேபியோ. அங்கேயே இறந்துபோனார். டீக் போதையில் ஓட்டினாரா என்பதுதான் வழக்கு.

நான் நடீன். பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல ஜூரியில் உட்கார்ந்த பன்னிரண்டு பேரில் ஒருத்தி. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதுமே, உரக்கப் படிக்கிற குரல் எனக்கு இருக்கிறது என்று என்னையே தலைவராக்கிவிட்டார்கள்.

ஆரம்பத்திலேயே சண்டை. மாட்டுப் பண்ணைக்காரர் ஹார்லன் தொப்பியை மேசைமேல் எறிந்தார்.

"அந்த நகரத்துக்காரன் சொன்னதை எல்லாம் நான் கணக்குல எடுத்துக்க மாட்டேன். கோட்டும் சூட்டும் போட்டுக்கிட்டு வந்து நமக்குப் பாடம் எடுக்கிறான். சாட்சி சொல்லவே கூலி வாங்குறவன்!"

அவர் சொன்னது தலைநகரிலிருந்து வந்த மருந்தியல் நிபுணரை. டீகின் ரத்தத்தை மருத்துவமனையில் எடுப்பதற்குள் நேரம் ஓடிவிட்டது. எடுத்தபோது மதுவின் அளவு சட்ட வரம்புக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் இடித்த நேரத்தில் வரம்புக்கு மேலே இருந்திருக்கும் என்று நிபுணர் பின்னோக்கிக் கணக்குப் போட்டுச் சொன்னார்.

"அவர் ஆணவக்காரர்னா கணக்கு தப்பாயிடுமா?" என்றாள் தாவோ. சின்ன வயது, மருந்துக்கடையில் வேலை. "அறிவியல்னா அறிவியல்தான். வேற என்ன பேச இருக்கு?"

"இருக்கு," என்றேன் நான். "நிபுணர் சொன்னாருங்கறதுக்காக ஏத்துக்கணும்னு கட்டாயமில்லை, பிடிக்கலைங்கறதுக்காகத் தள்ளவும் கூடாதுன்னு நீதிபதி சொன்னாரில்ல? எதை வெச்சு சொன்னார், அது நிரூபணமாச்சான்னு பார்க்கச் சொன்னார். பார்ப்போம்."

நிபுணரின் கணக்கு ஒரே ஒரு விஷயத்தின்மேல் நின்றது. கடைசிக் கோப்பையைச் சாப்பாட்டுக்கு முன்பே டீக் குடித்து முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் அரசு வழக்கறிஞர் அவரிடம் கேட்டிருந்தார். கிளம்புகிற நேரத்தில் குடித்திருந்தால், இடித்த பிறகுதான் மது ரத்தத்தில் ஏறியிருக்கும், கணக்கு நிற்காது என்று அவரே ஒப்புக்கொண்டார். அப்படியானால் முன்பே குடித்து முடித்ததைப் பார்த்தது யார்? மதுக்கடையில் பரிமாறிய ஐவியின் சாட்சியத்தை மறுபடி வாசிக்கச் சொல்லி நீதிபதிக்கு எழுதி அனுப்பினேன். எங்களை நீதிமன்றத்துக்கு அழைத்து வாசித்துக் காட்டினார்கள். ஐவி அதைப் பார்க்கவே இல்லை. "கோப்பையை எப்ப காலி பண்ணாருன்னு கவனிக்கலை, பீப்பாய் மாத்திக்கிட்டிருந்தேன்." அவ்வளவுதான். வேறு யாரும் அதைப் பற்றிப் பேசவுமில்லை.

தாவோவின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப அந்தக் கணக்கு..."

"கணக்குல தப்பில்லை. அதுக்குக் கீழே தரைதான் இல்லை. அதைத் தள்ளி வெச்சிடுவோம்."

ஹார்லன் கைதட்டினார். "சபாஷ்! நான் அப்பவே சொன்னேன். முடிஞ்சது, வீட்டுக்குப் போவோம்."

"உட்காருங்க ஹார்லன். இன்னும் முடியலை. அளவு தெரியாட்டியும், குடிச்சதால ஓட்டுற நிதானம் கெட்டிருந்தா அதுவே குற்றம்னு நீதிபதி சொன்னாரில்ல?"

டீகின் நண்பர் கிளின்ட் அபர்நதியும் சாட்சி சொல்லியிருந்தார். 'கிளம்பும்போது ரஸ்ஸல் முழு நிதானத்தில்தான் இருந்தார்' என்று. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் ஹார்லன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கிளின்ட் எதை வெச்சு சொன்னார்?" என்று கேட்டேன்.

"இருபது வருஷப் பழக்கம். பார்த்தாத் தெரியாதா?"

"அன்னைக்கு எங்கே இருந்து பார்த்தார்?"

ஹார்லன் மேசைமேல் கிடந்த தொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தாவோதான் சொன்னாள். "வண்டி நிறுத்துற இடத்துக்கு அந்தப் பக்கத்துல, தன் டிரக்குக்குள்ள உட்கார்ந்திருந்தார். இவர் கையாட்டினார், அவரும் கையாட்டினார். ஒரு வார்த்தை பேசலை. குறுக்கு விசாரணையில அவரே சொன்னார்."

"ஏம்மா, கிளின்ட்டைப் பொய்யன்னு சொல்றியா?" ஹார்லனின் குரல் உயர்ந்தது.

"இல்லை," என்றேன் நான். "நல்லவர்தான். நம்பித்தான் சொல்லியிருப்பார். ஆனா நிபுணர்கிட்ட கேட்ட கேள்வியைத்தான் இவர்கிட்டயும் கேட்கிறேன். அவரைத் தூக்கிப் போட்டப்ப கைதட்டினீங்க. இவருக்கு மட்டும் வேற நியாயமா?"

இதற்கு நாளைக்கு ஊரில் எனக்குப் பேச்சு விழும் என்று தெரியும். எங்கள் பல் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் டீகின் வாடிக்கையாளர்கள். ஆனாலும் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

இன்னொரு கருத்தும் இருந்தது. நெடுஞ்சாலைக் காவலர் 'அவர் போதையில் இருந்தார்' என்று சொன்னது. அதையும் அதே மாதிரி கேட்டுப் பார்த்தோம். அவர் டீகின் முகத்துக்கு முன்னால் நின்றவர். நேராக நடக்கச் சொல்லி, டீக் தடுமாறியதைப் பார்த்தவர். ஓட்டுநர் உரிமம் கேட்டதற்கு டீக் கடன் அட்டையை நீட்டியதைப் பார்த்தவர், தேதி கேட்டதற்கு மாதத்தையே மாற்றிச் சொன்னதைக் கேட்டவர்.

"ஆளு செத்துக் கிடக்கிறதைப் பார்த்தா யாருக்கும்தான் கைகால் உதறும்," என்றார் ஹார்லன்.

நியாயமான பேச்சு. அதை ஒதுக்கிவிடாமல் நெடுநேரம் பேசினோம். கடைசியில் தாவோதான் கேட்டாள், "இடிக்கிறதுக்கு முன்னாடியே நடந்ததுக்கு என்ன சொல்றீங்க?" வாசல்படியில் டீக் தடுக்கி விழப்போனதை ஐவி கண்ணால் பார்த்திருந்தாள். வேறு வண்டி கூப்பிடட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். வளைவே இல்லாத சாலை. சைக்கிளில் விளக்கு எரிந்தது. இடித்த இடத்துக்கு வெகுதூரம் முன்பே டிரக்கின் சக்கரங்கள் சாலையோரச் சரளையில் இறங்கிவிட்டன. பிரேக் போட்ட தடமே இல்லை.

ஹார்லன் ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"என் மந்தைக்கு நோய் வந்தப்ப மூணு நாள் என் கொட்டகையிலயே படுத்துக் கிடந்தவன்மா அவன்."

"தெரியும் ஹார்லன்."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அதுவும் எனக்குத் தெரியும்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எழுதிக்க. குற்றவாளிதான்."

தீர்ப்பை நான்தான் எழுந்து நின்று சொன்னேன். டீக் தலையைக் குனிந்துகொண்டார். பின்வரிசையில் யூசேபியோவின் தங்கை ஒஃபேலியா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுவாரம் வேலைக்குப் போனேன். பல் சுத்தம் செய்ய வந்த ஒரு பண்ணைக்காரர் மேசையில் சாய்ந்துகொண்டு, "அந்த நகரத்து நிபுணர் பேச்சைக் கேட்டு நம்ம டாக்டரை உள்ளே தள்ளிட்டீங்களே," என்றார்.

"அவர் பேச்சைக் கேட்டு இல்லை," என்றேன். "எனக்கு நேரம் இருக்கும்போது வாங்க, எதைக் கேட்டோம்னு உட்கார்ந்து சொல்றேன். இப்ப பல் டாக்டர் உங்களுக்காகக் காத்திருக்கார்."