இருட்டறைச் செபம்

ராயப்பன்பட்டியில் ஒரு பெண்ணை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். செபம் சொல்லத் தெரியாதவள் என்று மட்டும் சொல்லக் கூடாது. அருளாயியை அப்படிச் சொன்னது வேறு யாருமில்லை, கட்டின புருஷன் சவரிமுத்து. அதுவும் கோயில் வாசலில், நாலு பேர் சிரிக்க.

ஏலக்காய் வியாபாரியான சவரிமுத்து, சீமைக்குக் கப்பலேறவிருந்த தோட்டத்துத் துரையிடம் ஒரு கேமரா வாங்கியிருந்தான். படச்சுருளை மருந்தில் அலசுவதும் வீட்டில்தான். நெல் குதிர் இருந்த அறையில், கதவிடுக்கில் சாக்கைத் திணித்துக்கொண்டு. சிவப்பு விளக்கின் வெளிச்சம்கூடப் படக் கூடாத சுருள். அந்த இருட்டில் கடிகாரம் எங்கே தெரியும்? மருந்துக் காகிதத்தில் போட்டிருந்த நேரம், செபமாலையில் இருபது மணி உருட்டிச் சொல்லும் நேரத்துக்குச் சரியாக இருந்தது. அருளாயி செபம் சொல்லுவாள், அவன் சுருளை ஆட்டுவான். மார்கழியில் கிறிஸ்மஸ் குடில் படம் அப்படித்தான் பளிச்சென்று வந்தது.

சித்திரையில் அவள் தங்கை பிலோமி கன்னியர் மடத்துக்குப் புறப்பட்டாள். போனால் முடியை வெட்டிவிடுவார்கள். பிறந்த வீட்டுக்கு வர விடமாட்டார்கள். போவதற்கு முந்தின நாள் பின்னலும் பூவுமாக அவளை இரண்டு சுருள் எடுத்தார்கள். அவள் போன பிறகு முதல் சுருளை அலசினால், முழுக்க அட்டக்கரி. மூக்கு எது, பின்னல் எது என்று தெரியவில்லை.

"தங்கச்சி போன துக்கத்துல செபத்த ஒப்பாரியா இழுத்துட்டா. படம் கருகிருச்சு" என்று கோயில் வாசலில் தொடங்கி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

இரண்டாவது சுருளுக்கு அவளை உள்ளே விடவில்லை. அவனே செபம் சொன்னான். அருளாயி கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். பாதி வார்த்தையை முழுங்கிக்கொண்டு செபத்தை ஓட்டமாக ஓட்டினான். ஆனால் படம் வந்துவிட்டது! வெயிலில் அச்செடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"பாத்தியா? செபம்னா இப்படிச் சொல்லணும்."

அருளாயி கடிகாரத்தை எடுத்து முன்னால் வைத்தாள். "இப்ப வெளிச்சத்துல சொல்லுவோம்."

அவள் சொல்லி முடித்தபோது முள் காகிதத்தில் போட்ட இடத்தில் நின்றது. அவன் முடித்தபோது பாதி தூரம்கூடத் தாண்டவில்லை.

"சரியாச் சொன்னவ படம் கருகுது, அரைகுறையாச் சொன்னவுக படம் வருது. அப்பத் தப்பு செபத்துலயா?" அவன் கையைப் பிடித்து இழுத்து, மருந்து கரைக்கும் தொட்டித் தண்ணீரில் முக்கினாள். வெதுவெதுவென்று இருந்தது. "மார்கழியில இதே தண்ணியில விரலு விறைச்சுச்சு. சித்திரச் சூட்டுல பாலு வெரசாத் தயிராகுதுல்ல? மருந்து மட்டும் காகிதத்தப் பாத்துட்டு நிக்குமாக்கும்?"

சவரிமுத்து கையைத் துடைத்துக்கொண்டான். "சரி விடு. அதான் படம் வந்துருச்சுல்ல."

படத்தில் பிலோமி விறைப்பாக நின்றாள். அவள் சிரித்ததெல்லாம் கரியாய்ப் போன சுருளில். அந்தச் சிரிப்பை இனி எங்கே போய் எடுப்பது? அருளாயிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய்ப் பொங்கின.

"ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல, சிரிச்சாகல்ல, அவுக முன்னாடி சொல்லணும். எம்பொண்டாட்டி செபம் சரின்னு."

"அங்கனயா?"

"அங்கனதான். அதுவரைக்கும் இந்த வீட்டுல உலை கொதிக்காது."

படத்தைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, எரிந்த அடுப்பில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி அணைத்தாள்.