வீசாத கை

பாராட்டைக் கேட்டு யாராவது தெருவில் விழுந்தடித்து ஓடுவார்களா? அவள் ஓடினாள். உடனே இல்லை, ஒரு மணி நேரம் கழித்து.

அவள் கணினியில் படம் வரைகிறவள். பற்பசை டப்பாவுக்கு முயல், பிஸ்கட் பாக்கெட்டுக்குக் கரடி என்று சிரிக்கிற பிராணிகளாகவே வரைந்து சலித்துப் போனவள். ஒரு நாள் வந்த கோபத்தில் (என்ன கோபம் என்று கேட்காதீர்கள், காலமெல்லாம் முயல் வரைந்தவளுக்குத்தான் அது புரியும்) ஒரு ரோபோவை வரைந்தாள். வீட்டு வேலைக்கு வாங்கி, பழசானதும் வீட்டோடு விட்டுவிட்டுப் போன ரோபோ. ஆளில்லாத சமையலறையில், கழுவ ஒரு பாத்திரமும் இல்லாத தொட்டி முன்னால் நின்று குழாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இணையத்தில் போட்டாள். 'தூக்கம் போச்சு', 'என்னமோ பண்ணுது', 'இதைப் பார்த்தா ஏன் அழுகை வருது?' என்று ஜனங்கள் எழுதித் தள்ளினார்கள். அப்புறம் முயலாவது கரடியாவது! ஒன்றரை வருஷமாக ரோபோ தவிர வேறெதையும் அவள் தொடவில்லை. ஒவ்வொன்றும் முந்தியதைவிட இருட்டு. ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பார்க்கிறவர் நெஞ்சைப் பிசைந்தது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ரோபோவை மனதிலிருந்து வரைந்தால் பொம்மை மாதிரித்தான் வரும். மனுஷனை நிறுத்திப் படம் எடுத்து, அதன்மேல் வரைய வேண்டும். முட்டிக்குக் கீல், தோலுக்கு மங்கிய தகரம், கண்ணுக்கு அணையப்போகிற இரண்டு பல்பு. ஆனால் நிற்பதும் உட்கார்வதும் மட்டும் அச்சு அசலாக அந்த மனுஷனுடையதாகவே இருக்க வேண்டும். அந்த மனுஷன் அவள் புருஷன். சம்பளம் கேட்காத மாடல் வேறு எங்கே கிடைப்பான்?

புருஷனுக்கு சலூன். அவளுடைய தம்பியும் அவரும் கூட்டு. தெருவில் அவருக்குப் பேர் ரேடியோ. கத்தரி ஓடுகிறவரை வாயும் ஓடும். "முயல் வரைஞ்ச கை இப்ப பேய் வரையுதுங்க. பக்கத்துல படுக்கவே பயமா இருக்கு" என்று சொல்லிச் சொல்லி, தலையை ஆட்டாமல் உட்கார வேண்டிய ஆட்களைக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க வைப்பார். சமீப காலமாக ரேடியோவில் சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது. வயதானால் மனுஷன் அடங்கத்தானே வேண்டும் என்று அவள் நினைத்தாள். உள்ளதைச் சொன்னால், வேலைக்கு இடைஞ்சல் இல்லை என்று அவளுக்கு சந்தோஷம்கூட.

இப்படியிருக்க, ஒரு வீடியோ கேம் கம்பெனி அவளைத் தேடி வந்தது. ஆட்டத்தில் அவளுடைய ரோபோ நடந்து வர வேண்டும், பார்க்கிறவனுக்குக் குலை நடுங்க வேண்டும், அதே சமயம் அதைக் கட்டிக்கொண்டு அழவும் தோன்ற வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்கள்! அவள் புருஷனைக் குடியிருப்பின் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க விட்டு வீடியோ எடுத்தாள். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மேலும் ரோபோவை வரைந்து அனுப்பி வைத்தாள்.

கம்பெனியின் கலைப்பிரிவுத் தலைவன் எந்நேரமும் காதில் ஹெட்போனோடு இருப்பவன். அவளுக்கு அவன் பேரே ஹெட்போன்தான். அன்று காலை வீடியோ அழைப்பில் வந்தவன் நாற்காலியில் உட்காரவே இல்லை.

"மேடம், எப்படி மேடம் இது! ஆபீஸ்ல போட்டுக் காட்டினேன், ஒருத்தரும் வாயைத் திறக்கல. அந்த வலது கை! இடது கை வீசுது, வலது கை மட்டும் உடம்போட ஒட்டிக்கிட்டு சும்மா தொங்குது. உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருக்கு, ஆனா அது அதுக்கே தெரியலங்கற மாதிரி. எப்படி மேடம் தோணுச்சு?"

எந்த வலது கை? அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் வீடு தேடி வருகிற புகழ்ச்சியை யார் வேண்டாம் என்பார்கள்? "ரொம்ப நாளா மனசுல இருந்ததுங்க" என்றாள் வாய் கூசாமல்.

அழைப்பு முடிந்ததும், அப்படி என்னதான் வரைந்துவிட்டோம் என்று போட்டுப் பார்த்தாள். துண்டு துண்டாக வரையும்போது கை வெறும் கைதான். அசைகிறதா இல்லையா என்று யார் பார்த்தார்கள்? ஓடவிட்டுப் பார்த்தால் ஹெட்போன் சொன்னது சரி. இடது கை வீசியது. வலது கை வீசவில்லை. மனுஷன் பிரமாதமாக நடித்திருக்கிறாரே என்று சிரித்துக்கொண்டு, புருஷனை எடுத்த வீடியோவைத் திறந்தாள்.

அதிலும் அப்படித்தான். கடைசியில் "போதுங்க" என்று அவள் குரல் கேட்கிறது. கேமராவை அணைக்க மறந்திருக்கிறாள். யாரோ பார்சல் கொண்டுவந்து அழைப்பு மணியை அடிக்க, அவர் வாசலுக்குப் போகிறார். இப்போது அவரை யாரும் நடிக்கச் சொல்லவில்லை. வலது கை அப்போதும் தொங்கிக்கொண்டேதான் இருந்தது. திரும்பும்போது சட்டென்று திரும்பாமல், குட்டிக் குட்டி அடியாக வைத்து நகர்ந்து நகர்ந்து திரும்பினார். பார்சல்காரன் ஏதோ சொல்லி விழுந்து விழுந்து சிரிக்கிறான். அவர் முகத்தில் ஒரு மயிரிழை அசையவில்லை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பழைய வீடியோக்களைத் தேடினாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மாடிப்படி இறங்குகிறார். இரண்டு கையையும் வீசிக்கொண்டு, சண்டைக்குப் போகிறவர் மாதிரி, வாயெல்லாம் பல்லாக. பிறகு தன் ரோபோக்களை எல்லாம் முதலிலிருந்து வரிசையாகத் திரையில் வைத்தாள். முதல் ரோபோவுக்குத் தோள் இரண்டும் நேராக இருந்தன. போகப் போக வலது தோள் இறங்கியது. விரல்கள் உள்ளே மடங்கின. முதுகு குனிந்தது. 'அந்த உயிரில்லாத முகத்தை எப்படி வரையிறீங்க?' என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! அவள் எங்கே வரைந்தாள்? எதிரில் இருந்ததை அப்படியே எடுத்து வைத்திருக்கிறாள். எழுந்து, காலுக்கொரு ஜோடியிலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு சலூனுக்கு ஓடினாள்.

தம்பி ஒருவருக்கு சவரம் செய்துகொண்டிருந்தான். புருஷன் பெஞ்சில் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தார், இடது கையால்.

"வாக்கா! மாமா முதலாளி ஆயிட்டாரு, பாத்தியா? கத்தியைத் தொடறதே இல்ல. எல்லாம் நான்தான், அவருக்கு மேற்பார்வை மட்டும்" என்றான் தம்பி.

அவள் புருஷனைப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"வராந்தாவுல நடந்தீங்களே, அந்த வலது கைய ஏன் அப்படி வச்சுக்கிட்டீங்க?"

"எப்படி வச்சேன்? சும்மாதானே நடந்தேன். 'நடிக்காதீங்க, நீங்க நடிச்சா சர்க்கஸ் மாதிரி இருக்கு'ன்னு நீதானே சொன்ன?"

சொன்னாள்தான். இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அப்ப கைக்கு என்ன? மறைக்காம சொல்லுங்க."

அவர் கையைத் தூக்கிப் பார்த்தார். "கொஞ்ச நாளாவே சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. ஒருத்தருக்குக் காதோரம் கீறிட்டேன். நல்ல மனுஷன், வெளிய சொல்லல. அதுக்கப்புறம் கத்தி எடுக்கவே பயமா இருக்கு."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"சொல்லத்தானே கூப்பிட்டேன்" என்றார். "ஒரு நாள் காலைல சாப்பிட உக்காந்தேன். ஸ்பூன் பாதி வழியில நின்னுடுச்சு. மேல போக மாட்டேங்குது. பயந்து போய் உன்னைக் கூப்பிட்டேன். நீயும் ஓடி வந்த. 'ஐயோ, அசையாதீங்க, அப்படியே இருங்க'ன்னுட்டு போனை எடுத்துட்டு வந்து சுத்திச் சுத்திப் படம் புடிச்ச. சொல்லிக் குடுத்தாலும் இப்படி வராதுன்னு கன்னத்தைக் கிள்ளிட்டுப் போன. உன்னை அவ்வளவு சந்தோஷமா பார்த்து ரொம்ப நாளாச்சா, சரி, அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

அந்தப் படம் எது என்று அவளுக்குத் தெரியும். அவள் வரைந்தவற்றில் அதிகம் பேர் பார்த்து அழுதது அதுதான். கேம் கம்பெனி அவளைத் தேடி வந்ததே அதைப் பார்த்துவிட்டுத்தான். இதையெல்லாம் சொல்லும்போது அவருக்கு வருத்தமா, கோபமா என்றுகூட அந்த முகத்திலிருந்து அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "படுபாவி, படுபாவி" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

"ஏய், மெதுவா! கஸ்டமர் இருக்காரு" என்றார் அவர்.

மறுநாள் நரம்பு டாக்டரிடம் போனார்கள். டாக்டரம்மா அவரைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். தட்டத் தட்ட வலது விரல்களின் வீச்சு சிறுத்துக்கொண்டே வந்து நின்றுபோயிற்று. நடக்கச் சொன்னார். எழுதிக்கொண்டார்.

"கை, முகம், குரல் எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா மந்தமாக்கற நரம்பு வியாதி மாதிரி தெரியுது. டெஸ்ட் எல்லாம் எடுத்துட்டுதான் உறுதியா சொல்ல முடியும். முழுசா சரியாயிடும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா மாத்திரை இருக்கு, பயிற்சி இருக்கு. நிறைய சமாளிக்கலாம்."

"கத்தி புடிக்கலாமா டாக்டர்?" என்று புருஷன் கேட்டார்.

"இப்போதைக்கு வேண்டாம்" என்ற டாக்டரம்மா, எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "இதை யார் முதல்ல கவனிச்சது? கூடவே இருக்கறவங்களுக்கு இது சீக்கிரம் கண்ணுல படாதே."

"என் வீட்டுக்காரிதான் டாக்டர்" என்றார் அவர். சத்தம் அவ்வளவு சன்னமாக வந்ததால் டாக்டரம்மா முன்னால் சாய வேண்டியிருந்தது. "படம் வரையறவ. இவ கண்ணுக்கு எதுவும் தப்பாது."

டாக்டரம்மா அவள் பக்கம் மரியாதையோடு திரும்பினார். "பரவாயில்லையே! எப்ப இருந்து பார்த்துட்டு இருக்கீங்க?"

அவளுக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"ஒன்றரை வருஷமா வரைஞ்சுக்கிட்டு இருக்கேன் டாக்டர்" என்றாள். "நேத்துதான் பார்த்தேன்."

சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புருஷன் மேசைமேல் இருந்த டிஷ்யூ பெட்டியை இடது கையால் அவள் பக்கம் தள்ளினார்.