ஐந்து ஐம்பதுக்கு மங்கும் திரை

வாஷிங் மெஷின் போர்டுகளை ரிப்பேர் செய்தே பன்னிரண்டு வருடம் ஓட்டியவளுக்கு, சொந்த வீட்டில் ஒரு சின்னத் திரை பிடிகொடுக்காமல் ஆட்டம் காட்டியது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று கடையில் அவள் மூச்சு விடவில்லை.

விஷயம் இதுதான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு போயிற்று, நாம் பேசுவது அவருக்கு எட்டுகிறதா என்பதும் தெரியவில்லை. மணியும் கிழமையுமாவது தெரியட்டும் என்று மகள் கட்டிலின் கால்மாட்டில் ஒரு திரையை நிறுத்தினாள். அதன் வெளிச்சம் கண்ணைக் குத்த, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி என்று, பொழுதுபோக்குக்கு வாங்கி வைத்திருந்த, புரோகிராம் எழுதி இயக்கும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டைக் கட்டிலுக்கு அடியில் கட்டினாள். பட்டாணி அளவு சென்சார் ஒன்று அறை வெளிச்சத்தைப் பார்க்கும்; அறை மங்கினால் திரையும் மங்கும். சென்சாரை ஜன்னலில் ஒட்டத்தான் நினைத்தாள். ஒயர் எட்டவில்லை. கட்டிலின் இடப்பக்கக் கம்பியில், ஜன்னலைப் பார்த்தாற்போல் ஒட்டிவிட்டாள்.

திங்கள் சாயங்காலம் திரை திடுதிப்பென்று கொஞ்சம் மங்கியது. சற்றுப் பொறுத்து இன்னும் கொஞ்சம். பிறகு ஒரேயடியாக இருட்டு. ஐந்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி பழையபடி எரிந்தது.

செவ்வாயும் அதே கூத்து. ஈயம் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று எல்லா இணைப்பையும் திரும்பப் பற்றவைத்தாள். மின்விசிறியின் நிழலோ என்று விசிறியை நிறுத்திப் பார்த்ததில் எல்லோருக்கும் வியர்த்ததுதான் மிச்சம். போதாக்குறைக்கு அண்ணன் போனில், எல்லாம் உன் கைராசி என்றான்.

அண்ணனைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. அப்பாவைத் தூக்கித் தூக்கி அம்மாவின் இடுப்பு ஒடிந்துகொண்டிருந்தது. அவன் ஊரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கட்டில் பிடித்து வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை மதியம் வண்டி வரும். உடற்பயிற்சி கொடுக்க வருபவரும் ஏறக்குறைய கைவிட்டாயிற்று. கையைத் தூக்குங்கள் என்றால் அப்பா தூக்குவதில்லை, விரலை அழுத்துங்கள் என்றால் அழுத்துவதில்லை. போன வாரம் அந்தப் பயிற்சிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்:

"தானா நெனச்சு ஒரே ஒரு வேலை செய்யட்டும்மா, நான் விடவே மாட்டேன். இப்படியே இருந்தா, வெள்ளிக்கிழமையோட நிறுத்திக்கலாம்."

அம்மா அவரை வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். குளியலறையில் போய் அழுதுவிட்டு வந்தாள்.

புதன்கிழமை மகள் மடிக்கணினியை இணைத்து, வெளிச்சத்தின் அளவை நிமிடத்துக்கு நிமிடம் பதிய வைத்தாள். வியாழன் சாயங்காலம் அதைப் பிரித்துப் பார்த்தவளுக்கு மண்டை காய்ந்தது. ஐந்து ஐம்பதுக்கு முதல் இறக்கம். ஐந்து ஐம்பத்தைந்துக்கு இரண்டாவது. ஆறு அடித்தால் பூஜ்யம். சூரியன் இப்படிக் கடிகாரம் பார்த்தா இறங்கும்? புரோகிராமை வரி வரியாகத் துழாவினாள். ஐந்து ஐம்பது என்று அதில் எங்குமே இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி இருந்தது அவளுக்கு. எரிச்சலில் அந்த நேரங்களை உரக்கப் படித்தாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"இன்னொரு தடவ படி."

படித்தாள்.

"முதல் லைட்டு, ரெண்டாவது லைட்டு, இருட்டு," என்றாள் அம்மா. "இது நம்ம ஹால்டி."

அப்பா முப்பது வருடம் ஒரு நாடக அரங்கில் விளக்குக்காரர். அம்மா அதே அரங்கின் வாசலில் டிக்கெட் கிழித்தவள். அங்கே மணி கெட்டுப்போய், அதை யாரும் சரிசெய்யாமலே வருடங்கள் ஓடிவிட்டன. அதனால் அப்பா விளக்கையே மணியாக்கினார். ஆறு மணிக் காட்சிக்குப் பத்து நிமிடம் முன்னால் ஒரு பங்கு குறைப்பார். வெளியே நிற்பவர்கள் உள்ளே வருவார்கள். ஐந்து நிமிடம் முன்னால் இன்னொரு பங்கு, உட்கார்ந்துவிடுவார்கள். ஆறுக்கு இருட்டு. வேறெந்த அரங்கிலும் இந்த வழக்கம் கிடையாது.

மகள் பேந்தப் பேந்த விழித்தாள். அதற்கும் இந்தத் திரைக்கும் என்ன சம்பந்தம்? மணி ஐந்து நாற்பத்தெட்டு. மூன்று நாளாக அவள் அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையையே முறைத்திருந்தாள். இன்று நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்.

ஐந்து ஐம்பதுக்கு, கம்பி ஓரம் கிடந்த இடது கை அசைந்தது. ஆள்காட்டி விரல் மெல்ல நகர்ந்து, சென்சாருக்கு ஒரு பக்கம் நிழல் போட்டது. அப்பாவின் கண் திரைமேல் இருந்தது. திரை மங்கியது, விரல் அப்படியே நின்றது. ஐம்பத்தைந்துக்கு அடுத்த விரல். ஆறுக்கு உள்ளங்கை முழுவதுமாக மூடியது.

ஈயத்தைச் சந்தேகப்பட்டாள், விசிறியைச் சந்தேகப்பட்டாள், சூரியனைக்கூட விடவில்லை. அப்பாவை மட்டும் சந்தேகப்படவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. எது முதலில் என்று புரியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா கையை எடுக்கவில்லை. எதையோ எதிர்பார்த்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னும் என்னப்பா?" என்று கேட்டாள் மகள். சொல் அவருக்கு எட்டவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. விளக்கு அணைந்தால் அடுத்து மேடையின் படுதா திறக்க வேண்டும். மூன்று நாளும் ஐந்து நிமிடம் காத்திருந்து, யாரும் திறக்காமல், அவர் கையை எடுத்திருக்கிறார். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய், ஜன்னலின் மெல்லிய சீலையை இரண்டு பக்கமும் ஒரே இழுப்பில் விலக்கினாள். மேற்கு வெயில் அறைக்குள் விழுந்தது.

அப்பா நீளமாக மூச்சு விட்டார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

அண்ணன் போன் செய்தபோது மணி ஆறு பத்து. நாளைக்கு வண்டி ஒரு மணிக்கே வந்துவிடும், துணிமணி எடுத்து வைத்தாயிற்றா என்று கேட்டான்.

"வண்டி வேணாம்ணா," என்றாள் அவள். "இங்க தினம் ஆறு மணிக்கு வேலை இருக்கு."

"யாருக்கு?"

"அப்பாவுக்கு."