பனியில் ஒரு பச்சை நாடா

சவூதியின் யான்பு எண்ணெய் ஆலையில் சிவசங்கரனுக்குப் பதினாறு ஆண்டுகளாக ஒரே வேலை: பிறர் ஏறவிருக்கும் சாரங்களைச் சோதிப்பது. உறுதியான சாரத்தில் தேதியும் கையெழுத்தும் இட்ட பச்சை அட்டையைக் கட்டுவார். ஆட்டம் கண்டதில் சிவப்பு. பச்சையைக் கண்டால் பெல்ட்டின் கொக்கியை மாட்டிக்கொண்டு ஏறவேண்டியதுதான்.

பனியை மட்டும் அவர் சோதித்ததில்லை. அது மணலைப் போலச் சரியுமா, காய்ந்த சிமெண்டைப் போல ஆளைத் தாங்குமா என்று நெடுநாளாகக் குடைந்துகொண்டிருந்த கேள்வியை, ரியாத்தின் பத்தா கடைத்தெருவில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்து நண்பர் அஸீமிடம் ஒருநாள் சொல்லிவிட்டார். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த நான்காம் நாள், இருவரும் ஜார்ஜியாவில் ஒரு மலையிடுக்கில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

இரு கற்சுவர்களுக்கு நடுவே பனி செங்குத்தாக எழுந்து நின்றது. உச்சியில் ஒரு பிளவு. அதில் கையகல வானம். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். சிவசங்கரனுக்கு வேறு எண்ணமே இல்லை. வழிகாட்டி கியோர்கி கண்டிப்பானவன். ஒன்பது மணிக்கு இடுக்கில் வெயில் இறங்கும். மேலே உறைந்து கிடக்கும் கற்கள் உருளத் தொடங்கும். அதற்குள் பிளவை எட்டாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தான்.

முள்காலணி பதிந்த ஒவ்வோர் அடியிலும் பனி கறுக்கென்றது. மணலும் அன்று, சிமெண்டும் அன்று. உப்பு மூட்டைகளின்மேல் ஏறுவது போலிருந்தது. முக்கால் தூரத்தில், குறுகிய பாறைத் திட்டு ஒன்றில் இருவரையும் நிறுத்திவிட்டு, கயிறு கட்டுவதற்காகக் கியோர்கி மேலே போனான்.

திட்டின் ஓரத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு நீலக் கயிறு நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பச்சை நாடா. சிவசங்கரனின் கை யாரையும் கேட்கவில்லை, கொக்கியை மாட்டிவிட்டது. அவரைப் பார்த்து அஸீமும் மாட்டினார்.

அதன் பிறகே சிவசங்கரன் நாடாவைத் திருப்பிப் பார்த்தார். தேதி இல்லை, கையெழுத்தும் இல்லை.

"யாரு கட்டினது இது?" என்று தம் கொக்கியைக் கழற்றி, பனிக்கோடரியால் கிளறத் தொடங்கினார்.

"லீவுலயும் டூட்டியா அண்ணே? விடுங்க. நான் ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்று அஸீம் கயிற்றை நம்பிப் பின்னால் சாய்ந்தார்.

ஒரு சாண் ஆழத்தில் மரமுளை ஒன்று தென்பட்டது. சுற்றிலும் பனி உருகிய குழிக்குள், விழப்போகும் பால்பல்லைப் போல அது ஆடியது.

"பாய், அசையாதீங்க."

"ஏன், போட்டோல நல்லா விழுவேனா?"

"கீழயே விழுவீங்க. கையைக் குடுங்க."

முளையை முழங்காலால் அழுத்திக்கொண்டு, மறுகையால் அஸீமின் பெல்ட்டைப் பற்றி இழுத்தார். அஸீம் திட்டில் வந்து விழுந்தார். முழங்காலை எடுத்து இரண்டு விரலால் இழுத்ததுமே முளை கையோடு வந்துவிட்டது.

"யா அல்லாஹ்! பச்சைன்னா ஏறலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். நானே மாட்டினேனே பாய்."

மேலிருந்து கயிறும் கியோர்கியின் சீழ்க்கையும் வந்தன. மணி எட்டு நாற்பது.

"யல்லா அண்ணே, டைம் மாஃபி!" என்று நேரமில்லாததைச் சொல்லி அஸீம் அவசரப்படுத்தினார்.

சிவசங்கரன் நகரவில்லை. அடுத்து வருபவன் ஏமாந்துவிடக் கூடாதே! கயிற்றை முளையோடு உருவிச் சுருட்டிப் பையில் திணித்து, நாடாவை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்ட பின்னரே ஏறினார்.

ஒன்பதுக்கு மூன்று நிமிடம் இருந்தபோது பிளவை எட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் முதல் கல் உருண்டது.

அப்பால் ஒரு வெண்பள்ளத்தாக்கு. அதன் குறுக்கே வரிசையாக மரமுளைகள். அவற்றைப் பிணைத்தபடி நீலக் கயிறு. முளைதோறும் ஒரு பச்சை நாடா. குளிர்காலத்து மூடுபனியில் வழி தவறாதிருக்க நட்டவை என்றும், ஆளைத் தாங்குவதற்கு அல்ல என்றும் கியோர்கி கைச்சாடையால் விளக்கினான்.

"அப்ப நீங்க புடுங்கிட்டு வந்தது கைகாட்டியை!" என்று அஸீம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிவசங்கரன் சிரிக்கவில்லை. இடுக்கில் வெயில் இறங்கிவிட்டது. முளையைத் திரும்ப நடுவதற்கு வழியில்லை. பிளவின் ஓரத்துப் பாறையை மும்முறை உதைத்துப் பார்த்தார், அது அசையவில்லை. நாடாவை அதில் கட்டி, பேனாவை எடுத்துத் தேதியிட்டுக் கையெழுத்திட்டார். பிறகு நிமிர்ந்து, அந்த முளைகளின் வரிசை எங்கே போய் முடிகிறது என்று கண்களை இடுக்கிப் பார்க்கத் தொடங்கினார்.